மலையடிவாரத்து ஊழியரும் மின்னஞ்சல் நிலையமும்

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நாடி பணமே என்று பலர் கருதுவர். பணம் இன்றியமையாததுதான். ஆயினும் பணத்திற்கு முன்னே நடப்பது கடிதம். நூல் வேண்டுமென்று சங்கம் கேட்பதும் கடிதத்தால். நெய்த சேலையை அனுப்புமாறு ஆர்டர் வருவதும் கடிதத்தால். மான்யம், தணிக்கை, சந்தை விலை, பேரவைக் கூட்டம் ஆகிய யாவற்றிற்கும் முன்னோடியாக வருவது கடிதமே. கடிதம் ஒரு நாள் பிந்தினால் தறி ஒரு வாரம் நிற்கும் என்பதை நெசவாளர் அறிவர். எலுமிச்சையும் காய்கறியும் விளைவிப்போர் அதனினும் நன்றாக அறிவர். அவர்கள் சரக்கு காத்திராது.

அக்கடிதம் இன்று பெரும்பாலும் மின்னஞ்சலாகவே வருகிறது. ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு வலையமைப்பின் வழியே கடிதம் அனுப்பும் முறையை 1971-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரே டாம்லின்சன் செய்து காட்டினார். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் கிட்டியது. 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தந்திச் சேவையும் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே அவசரக் கடிதத்திற்கு நாம் நம்பியிருப்பது மின்னஞ்சலையே.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தலைமைக் காரியாலயத்தில் அமர்ந்திருப்பவருக்கு மின்னஞ்சல் கிடைப்பதில் வியப்பில்லை. ஆனால் சென்னைக் கண்காட்சியில் துணி விற்கச் சென்ற சங்க ஊழியர், பாவூர்சத்திரம் சந்தையில் நிற்கும் பிரதிநிதி, பட்டணத்துக் கம்பெனி வேலையைச் சொந்தக் கிராமத்திலிருந்தே செய்யும் நம் வீட்டுப் பிள்ளை ஆகிய இவர்களுக்கு, தம் ஸ்தாபனத்தின் அஞ்சல் தடையின்றிக் கிடைப்பது எவ்வாறு? இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மத்தளம்பாறை காட்டும் வழி

இக்கேள்விக்கு விடை தேடி வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. தென்காசிக்கு அருகில் மலையடிவாரத்தில் மத்தளம்பாறை என்னும் சிற்றூர் உள்ளது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-இல் ஜோஹோ எனப் பெயர் மாற்றிக்கொண்ட மென்பொருள் நிறுவனம், 2011-ஆம் ஆண்டில் தென்காசிப் பகுதியில் ஒரு சிறு காரியாலயத்தைத் திறந்தது. அது வளர்ந்து மத்தளம்பாறையில் நிலைபெற்றது. நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019-இல் அமெரிக்காவிலிருந்து அவ்வூருக்கே வந்து குடியேறினார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2020-இல் கொரோனா நோய் பரவியபோது ஊழியர் பலர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். அவர்கள் இருக்கும் இடத்திலேயே வேலை செய்யச் சிற்றூர்களில் சிறு காரியாலயங்கள் தோன்றின.

இந்நிறுவனத்தின் தொழில்களுள் ஒன்று மின்னஞ்சல் வசதி வழங்குவதே என்பது குறிப்பிடத்தக்கது. மத்திய அரசு ஊழியர் ஏறத்தாழ 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் இந்நிறுவனத்தின் ஏற்பாட்டிற்கு மாற்றப்பட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வெளியாயிற்று. டில்லிச் செயலகத்துக் கடிதத்திற்கு வழி செய்யும் நிறுவனத்தின் ஊழியர் சிலர், குற்றாலச் சாரல் வீசும் ஊரில் அமர்ந்து பணிபுரிகின்றனர். எனவே மலையடிவாரம் என்பது ஒரு தடையன்று. அவர்களுக்கு இயலுவது நம் சங்கங்களுக்கும் இயலும். அதற்கு இம்முறையின் அமைப்பைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும்.

கடிதம் செல்லும் விதம்

செங்கோட்டை 1956 நவம்பர் முதல் நாள் வரை மலையாள நாட்டோடு சேர்ந்திருந்ததை முதியோர் அறிவர். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தபால் இலாகாவின் பெயரே 'அஞ்சல்' என்பதாகும். 1951-இல்தான் அது இந்தியத் தபால் இலாகாவோடு இணைந்தது. அக்காலத்து அஞ்சலோட்டக்காரர் மணி கட்டிய கோலுடன் ஓடி, தம் எல்லையில் காத்திருக்கும் அடுத்தவரிடம் பையை ஒப்படைப்பார். பெறுபவர் வீட்டில் இல்லாவிட்டாலும் கடிதம் அஞ்சல் நிலையத்தில் பத்திரமாகக் காத்திருக்கும்.

மின்னஞ்சலும் ஏறக்குறைய இவ்வாறே செல்கிறது. அஞ்சல் நிலையத்தின் வேலையைச் செய்யும் கணிப்பொறிக்குச் 'சர்வர்' என்று பெயர். ஓட்டலில் நாம் கேட்டதைக் கொண்டுவந்து தருபவரைச் சர்வர் என்கிறோம் அல்லவா? இதுவும் அத்தகையதே, நாம் கேட்கும்போது நம் கடிதத்தை எடுத்துத் தருவது. அனுப்புகிறவரின் சர்வர், முகவரியில் '@' குறிக்குப் பின்னுள்ள பெயரைப் பார்த்து, அப்பெயருக்குரிய அஞ்சலைப் பெறும் சர்வர் எது என்று இணையத்தின் பொதுப் பதிவேட்டில் தேடி, அதனிடம் கடிதத்தை ஒப்படைக்கிறது.

பெறும் சர்வர் அவ்வேளையில் பழுதாயிருந்தால் கடிதம் உடனே தொலைந்துபோவதில்லை. அனுப்பும் சர்வர் அதனை வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். 1982-இல் ஜான் போஸ்டல் என்பவர் வகுத்த அஞ்சல் விதிமுறை 2008-இல் திருத்தப்பட்டபோது, இம்முயற்சியைக் கைவிடும் முன் குறைந்தது நான்கைந்து நாட்களேனும் பொறுத்தல் வேண்டும் என்று அதில் கூறப்பட்டது. எனினும் எல்லாச் சர்வர்களும் இவ்வளவு பொறுமை காட்டும் என்று எண்ணிவிடலாகாது.

ஆகவே இரண்டு காரியங்களைப் பிரித்தறிய வேண்டும். கடிதம் நம் சர்வரை வந்தடைவது ஒன்று. அச்சர்வரை நாம் சென்றடைவது மற்றொன்று. முதலாவதற்குச் சர்வர் இரவு பகல் விழித்திருக்க வேண்டும். இரண்டாவதற்கு வழியும் சாவியும் வேண்டும்.

கடிதம் எங்கே தங்க வேண்டும்?

சில கம்பெனிகள் சர்வரைத் தம் கட்டடத்திற்குள்ளேயே வைத்திருக்கின்றன. வெளியூர் ஊழியர் அதனை அடைய 'வி.பி.என்.' என்னும் தனிப்பட்ட மறைவழி அமைக்கப்படும். இதில் பாதுகாப்பு உண்டு. ஆனால் காரியாலயத்தில் மின்சாரம் நின்றாலும், அந்த ஒரே வாயில் அடைபட்டாலும், வெளியூர் ஊழியர் அனைவரும் ஒருங்கே வேலையற்று நிற்பர். இம்முறையைக் கையாள்வோர் இரண்டாவது வாயில் ஒன்றையும் அமைத்திருத்தல் அவசியம்.

சங்கங்களுக்கு இம்முறை ஏற்றதன்று. சர்வருக்கு ஓயாத மின்சாரமும், குளிர்ச்சியும், பயிற்சி பெற்ற காவலரும் வேண்டும். பலருக்குப் பொதுவாகச் சர்வர்களை நடத்தும் நிறுவனத்திடம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தி இடம் பெறுவதே சிக்கனமானது. தனியொருவர் தாங்கவொண்ணாச் செலவைப் பலர் பகிர்ந்துகொள்வது கூட்டுறவாளருக்குப் புதிய தத்துவமன்று. ஆயினும் பிறரிடம் ஒப்படைத்த பொருள் என்பதை மறவாது, முக்கியக் கடிதங்களின் பிரதியொன்றைத் திங்கள்தோறும் எடுத்துச் சங்கத்தில் வைத்துக்கொள்ளுதல் நன்று.

அடுத்து, கடிதத்தை எடுக்கும் முறையைக் கவனிக்க வேண்டும். இதில் 'பாப்' என்றும் 'ஐமேப்' என்றும் இரு முறைகள் உள. பாப் முறையில் கடிதம் நம் கணிப்பொறிக்கு இறக்கப்படும். சர்வரிலுள்ள பிரதி பெரும்பாலும் நீக்கப்பட்டுவிடும். அக்கணிப்பொறி பழுதானால் கடிதமும் போயிற்று. ஐமேப் முறையில் கடிதம் சர்வரிலேயே தங்கும். காரியாலயக் கணிப்பொறியில் பார்த்தாலும், சந்தையில் கைப்பேசியில் பார்த்தாலும் ஒரே பெட்டியையே காண்போம். வெளியூர்ப் பணியாளருக்கு ஏற்றது ஐமேப் முறையே. மேலும், அண்மைக் கடிதங்களின் பிரதியைக் கைப்பேசியிலும் வைத்திருக்குமாறு அமைத்துக்கொண்டால், தொடர்பு அற்ற நேரத்திலும் அவற்றைப் படிக்கலாம். பதிலும் எழுதி வைக்கலாம். தொடர்பு மீண்டதும் பதில் தானே புறப்படும். புறப்பட்டதா என்று 'அவுட்பாக்ஸ்' பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்வது எழுதியவர் பொறுப்பு.

இரு வழிகள் வேண்டும்

ஆனி, ஆடித் திங்கள்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் காற்று குற்றாலத்தில் அருவிகளை நிறைக்கிறது. மரக்கிளைகளை முறித்துக் கம்பிகளின் மீது வீழ்த்தவும் செய்கிறது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையையும் மறந்திரார் எவரும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் வண்டி நூற்றுக்கணக்கான பிரயாணிகளுடன் நின்றுவிட்டது. அத்தகைய நாளில் எந்த ஒரு கம்பியையும் நம்பியிருத்தல் இயலாது.

ஆதலால் வழி இரண்டாக இருத்தல் வேண்டும். ஒன்று, கண்ணாடி இழைக் கம்பி. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் இக்கம்பியைக் கொண்டுசெல்ல 'டான்ஃபிநெட்' என்னும் அரசு நிறுவனம் அமைக்கப்பட்டது. மற்றொன்று, கைப்பேசிக் கோபுரம். இவ்விரண்டும் ஒரே கம்பெனியுடையனவாக இருத்தல் கூடாது. ஒரு கம்பெனியின் கம்பி அறுந்தால் அதன் கோபுரமும் சில வேளை ஊமையாகிவிடும்.

பலரும் கவனியாத ஒரு விஷயம் உண்டு. கம்பி பழுதாகாமல் இருக்கும்போதே தொடர்பு அற்றுப்போவதை ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் கண்டிருக்கிறோம். காரணம், வீட்டிலோ சங்கத்திலோ உள்ள இணைப்புப் பெட்டிக்கு மின்சாரம் இல்லாமையே. கண்ணாடி இழைக்கு மின்சாரம் வேண்டா. அதன் முனையிலுள்ள சிறு பெட்டிக்கு வேண்டும். அப்பெட்டி உட்கொள்ளும் மின்சாரம் சொற்பம். சங்கத்து விளக்குகளுக்கு இன்வெர்ட்டர் இருக்குமானால், அப்பெட்டியையும் அதனோடு இணைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

சுமையைக் குறைத்தல்

வழி ஒடுக்கமாயிருக்கும்போது சுமையைக் குறைப்பதே அறிவுடைமை. மின்னஞ்சல் ஆதியில் எழுத்துக்களுக்கென்றே அமைந்தது. படமோ கணக்கேடோ அதனோடு செல்லும்போது எழுத்து வடிவமாக மாற்றப்படுகிறது. மூன்று பங்கு சரக்கு நான்கு பங்காகப் பெருகும். 9 எம்.பி. அளவுள்ள சேலைப் படம் வழியில் 12 எம்.பி. ஆகிவிடும். பல நிலையங்கள் 20 அல்லது 25 எம்.பி.க்கு மேற்பட்ட கடிதத்தை ஏற்பதில்லை. சேலையின் முந்தி, கரை ஆகியவற்றின் நிறம் தெரிய ஒரு எம்.பி.க்கும் குறைவான படம் பெரும்பாலும் போதும். பெரிய கோப்பாயின், அதனை இணையக் களஞ்சியத்தில் வைத்து, இருக்குமிடத்தின் குறிப்பை மட்டும் அஞ்சலில் அனுப்பலாம்.

சாவி

பெட்டியைத் திறக்கக் கடவுச்சொல் ஒன்று மட்டும் போதாது. அதனைத் திருடுவோர் பலர். ஆகவே இரண்டாவது சாவியாக, கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியில் ஓர் எண் அனுப்பும் முறை வழக்கத்தில் உள்ளது. நகரத்தில் இது நன்று. கோபுரத் தொடர்பு எட்டாத மலையோரத் தோட்டத்தில் அவ்வெண் வந்து சேராது. இணையம் இருந்தும் பெட்டி திறவாது.

இதற்கு மாற்று உண்டு. கைப்பேசியில் அமைத்துக்கொள்ளும் சிறு செயலி ஒன்று, முப்பது விநாடிக்கொரு முறை மாறும் ஆறிலக்க எண்ணைத் தானே கணக்கிட்டுக் காட்டும். அதற்குக் கோபுரமும் வேண்டா, இணையமும் வேண்டா. கைப்பேசியின் கடிகாரம் சரியாயிருந்தால் போதும். அன்றியும், கைப்பேசி தொலைந்தால் உதவும்பொருட்டுச் சில மாற்று எண்களை நிலையமே தரும். அவற்றைத் தாளில் எழுதி உறையிலிட்டு, முத்திரை வைத்து, சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வைத்தல் வேண்டும். பழைய முறைதான், ஆனால் பழுதற்றது.

முகவரி யாருடைய சொத்து?

இனிச் சொல்லப்போவதே எல்லாவற்றினும் முக்கியமானது. கம்பியும் கோபுரமும் குறைவின்றி அமைந்த ஒரு நெசவாளர் சங்கத்திற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வுக்குச் சென்றிருந்தோம். அச்சங்கத்தின் பெயரை இங்குக் குறிப்பிட விரும்பவில்லை. கொள்முதல் செய்வோரின் கடிதங்கள் ஓய்வுபெற்ற காரியதரிசியின் சொந்த முகவரிக்கே சென்றுகொண்டிருந்தன. அவர் நேர்மையானவர்; எதையும் மறைக்கவில்லை. ஆனால் கடவுச்சொல் அவருக்கு நினைவில்லை. பதிவு செய்திருந்த கைப்பேசி எண்ணோ என்றோ கைவிடப்பட்டது. பெட்டி உலகத்தில் எங்கோ பத்திரமாக இருந்தது. அதனைத் திறப்பார் இல்லை. அதற்குள் ஓர் ஆர்டரின் தவணை கடந்து, பண்டிகைக்கென நெய்த சேலைகள் அலமாரியில் தேங்கின. கூலியை எதிர்பார்த்திருந்த குடும்பங்களே அதன் பயனை அனுபவித்தன.

இதனோடு மத்திய அரசின் மாற்றத்தை ஒப்பிட்டு நோக்குக. 12 லட்சம் ஊழியரின் அஞ்சல் ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறியது. எனினும் 'ஜிஓவி.இன்', 'என்ஐசி.இன்' என்று முடியும் அவர்கள் முகவரிகள் மாறவில்லை. காரணம், அப்பெயர் அரசினுடையது. அஞ்சலைக் காக்கும் நிலையம் மட்டுமே பிறருடையது. பெயர் நம்முடையதாயிருந்தால், நிலையம் திருப்தியளிக்காதபோது வேறு நிலையத்திற்கு மாறலாம். பழைய வாடிக்கைக்காரருக்கு அம்மாற்றம் தெரியவும் வேண்டுவதில்லை.

சங்கமும் இவ்வாறு தன் பெயரால் ஓர் இணையப் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். 'இன்' என்று முடியும் பெயர் எவருக்கும் கிடைக்கும். கூட்டுறவு ஸ்தாபனங்களுக்கென்றே 'கூப்' என்று முடியும் பெயரும் உண்டு. இதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. தவணை தவறினால் அஞ்சல் முழுவதும் நின்றுபோவதோடு, பெயரைப் பிறர் வாங்கிவிடவும் கூடும். முகவரிகள் ஆட்களின் பெயரால் அமையாது பதவியின் பெயரால் அமைதல் வேண்டும்: காரியதரிசி, விற்பனை, கொள்முதல் என்பன போல. ஆள் மாறுவார், பதவி நிற்கும். பொறுப்பு மாறும் நாளில் பீரோச் சாவியையும் ரொக்கக் கையிருப்பையும் ஒப்படைப்பது போலவே அஞ்சற் சாவியையும் கையொப்பம் பெற்று ஒப்படைத்து, அன்றே கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும்.

செய்யத்தக்கவை

அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில் கீழ்க்கண்ட கேள்விகளைச் சபை உறுப்பினர்கள் எழுப்புவார்களாக:

1. சங்கத்தின் மின்னஞ்சல் முகவரி யார் பெயரில் உள்ளது? அது சொத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா?
2. இணையப் பெயரின் கட்டணத் தவணை எந்நாள்? அதனை நினைவூட்டும் பொறுப்பு யாருடையது?
3. காரியதரிசி இல்லாத நாளில் பெட்டியைத் திறக்க வல்லவர் இன்னொருவர் உளரா?
4. மின்சாரம் நின்றால் இணைப்புப் பெட்டி எவ்வளவு நேரம் இயங்கும்?
5. கம்பி அறுந்தால் இரண்டாவது வழி யாது? அதனைச் சோதித்துப் பார்த்த நாள் எது?
6. மாற்று எண்கள் அடங்கிய உறை இரும்புப் பெட்டியில் இருக்கிறதா?

இவற்றுள் பெருஞ்செலவு தேவைப்படுவது எதுவுமில்லை. ஐந்தாவது கேள்விக்கு ஒரு வழி கூறுவோம்: திங்களுக்கொரு நாள், கம்பியை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, கைப்பேசி வழியாக மட்டும் அரை மணி நேரம் வேலை செய்து பாருங்கள். குறை எதுவாயினும் அமைதியான நாளிலேயே தெரிந்துவிடும்.

சங்கங்களுக்குக் கூறிய இவை, கிராமத்திலிருந்தே கம்பெனி வேலை பார்க்கும் இளைஞருக்கும் பொருந்தும். தொடர்பு அடிக்கடி அறுமானால், முதலாளி அவரைப் பட்டணத்திற்கு வரச் சொல்வார். வீட்டு வாடகைக்கும் ரயிலுக்கும் செலவிட்டதுபோக மிச்சமே ஊருக்கு வரும். தொடர்பு உறுதியாயின் சம்பாத்தியம் ஊரிலேயே தங்கும். அவருடைய சேமிப்பு நம் சங்கத்தில் வைப்பு நிதியாகும். தந்தையின் தறியும் தாயின் தோட்டமும் ஆளின்றிப் போகா. மத்தளம்பாறையில் விளக்கெரிகிறது. அவ்விளக்கை நம் ஊர்களிலும் ஏற்றிக்கொள்ளத் தேவையானவை இரண்டு வழிகள், பத்திரமான சாவி, சங்கத்தின் பெயரால் ஒரு முகவரி. இம்மூன்றையும் உடனே அமைத்துக்கொள்ளுமாறு கூட்டுறவாளர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.